பூந்திக்கொட்டைத் தண்ணீர்

முதலமடையிலிருந்து கோவிந்தாபுரம் போகிற வழியில், மாந்தோப்புகள் முடிந்து வெறும் காற்று ஆரம்பிக்கிற இடத்தில், மாட்டுக்குத் தடுப்பூசி மருந்து செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. ஊரார் அதை ஊசிக் கம்பெனி என்பார்கள். அங்கே ஜெல் தயாரிக்கிற வேலை சென்னியப்பனுடையது. எமர்ஜென்சி வந்த புதிதில், பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டச் சொல்லி ஆபீசில் ஒரு பலகை மாட்டினார்கள். சென்னியப்பன் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி யாரோ மேலே நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்தே அவர் அப்படித்தான். பஸ்ஸில் தன் இடம் வந்தால்கூட நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க மாட்டார். வேறு யாராவது இறங்குகிற இடத்தில் கூடவே இறங்கி, திரும்பி நடந்து வருவார்.

ஜெல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து, காரச் சோடாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால், இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக ஒன்று திரளும். அதை உப்புப் போகும் வரை அலச வேண்டும். பிறகு டாக்டர் மிக்கேல்ராஜ், கிருமியைக் கொன்று எடுத்த சாற்றைக் கொண்டுவந்து அதில் ஊற்றுவார். சாற்றில் இருக்கிற புரதம் போய் ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால்தான் அது மருந்து. ஊசி போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும்; மழைக்காலம் முழுக்கத் தொண்டை அடைப்பான் நோய் மாட்டை அண்டாது. ஒட்டாமல் தண்ணீரில் மிதந்தால் மாட்டின் உடம்பு அதைச் சீக்கிரமே கரைத்துத் தள்ளிவிடும். அப்புறம் நோய் வந்தால் மாடு சாகும். ஊசி போட்ட மாடு என்கிற மரியாதை மட்டும் மிஞ்சும்.

ஒட்டியதா இல்லையா என்று பார்ப்பதற்கு டாக்டர் ஒரு சோதனை வைத்திருந்தார். புட்டியை ஆட்டாமல் வைத்தால் ஜெல் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஆசிட் விடுவார். தெளிவாகவே இருந்தால் புரதம் முழுதும் ஜெல்லில் இருக்கிறது என்று அர்த்தம். மோர் மாதிரி கலங்கினால் புரதம் தண்ணீரில் இருக்கிறது, சென்னியப்பனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

டாக்டர் நல்ல மனுஷர். இடுக்கியில் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்து, படித்து மேலே வந்தவர். பேச்சில் இன்னும் அப்பன் பாட்டன் ஊரான திருநெல்வேலி வாடை உண்டு. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அது இன்னும் மோசம் என்பது கம்பெனியில் எல்லோருடைய அபிப்பிராயமும்.

சென்னியப்பனின் மனைவி நாச்சம்மாளுக்கும் அங்கேதான் வேலை. பின்பக்கக் கொட்டகையில் மருந்துப் புட்டிகள் கழுவுவது. ஆள் தேர்வில் கம்பெனி தன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்று சொல்வார்கள். நாச்சம்மாள் விறகைக் கழுவிக் காயவைத்துத்தான் அடுப்பில் வைப்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது பொய். விறகை அவள் துடைக்கத்தான் செய்வாள். கோழி முட்டையைக் கழுவுவது உண்மை. ஒருமுறை கோழியையே கழுவியதும் உண்மை. அந்தக் கோழி அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் போய்த்தான் முட்டையிட்டது.

வீட்டில் சென்னியப்பன் தண்ணீர் குடித்தால், டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். நாச்சம்மாள் வந்து அதை எடுத்து மறுபடியும் கழுவிக் கவிழ்ப்பாள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கழுவிய டம்ளரை அவள் அப்படியே விட்டதில்லை. அவரும் கழுவுவதை விட்டதில்லை. குடும்பம் என்பது இப்படித்தான் நடக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

இந்தச் சுத்தத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், வந்திருந்த உறவுக்காரர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சென்னியப்பனின் தாயார் செம்பை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு எல்லோரும் பார்க்க அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்தறியாத ஊட்டுப் புள்ள, கையே சுத்தமில்லை என்றார். செம்பு அந்த அம்மாளுடையதுதான். அதை அதற்கு முந்தின நாள் தேய்த்ததும் அவர்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. நாச்சம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். புருஷன் வாசலில் இருந்த தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை.

தாயார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அந்தச் செம்பு மட்டும் வீட்டில் இருந்தது. அதில் நாச்சம்மாள் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து, அதன் விளிம்பு காகிதம் போல மெலிந்திருந்தது. அதைப் பார்த்தால் சென்னியப்பனுக்கு அந்த வாசல் ஞாபகம் வரும். பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

அந்த வருஷம் கோடை கடுமை. கம்பெனிக் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கி, தண்ணீர் உப்புக் கரித்தது. கழுவிய புட்டிகளில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்தது. டாக்டர் ஒருநாள் ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கறை இருக்கிறதே என்று சும்மா சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மூன்று வேளைச் சோற்றை மறந்தாள்.

கம்பெனி முறைப்படி புட்டியைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும். நாச்சம்மாளுக்கு அந்த வடித்த தண்ணீர் மேல் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. ருசி கிடையாது, வாசம் கிடையாது, ஒரு மீன் குஞ்சு விட்டால் பிழைக்காது. செத்த தண்ணீர் என்பாள். செத்த தண்ணீரில் கடைசிக் குளியல் பிணத்துக்குத்தான் ஆகும் என்பது அவள் வாதம். அவள் பிறந்த வேலந்தாவளம் பக்கத்தில், நகை தேய்ப்பதும் பட்டுச் சேலை அலசுவதும் பூந்திக்கொட்டை நுரையில்தான். வெள்ளிக்கிழமையானால் தாலிக்கொடியைக் கிண்ணத்தில் போட்டு அந்த நுரையில் ஊறவைப்பாள். கொடி புதுசு போல மின்னும். தாலிக்கு ஆகிறது மருந்துப் புட்டிக்கு ஆகாமல் போகுமா?

ஆகவே அந்தக் கோடையில் அவள் யாரையும் கேட்காமல் கடைசி அலசலை மாற்றிவிட்டாள். பூந்திக்கொட்டையை உடைத்துப் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டிய தண்ணீரில் ஒவ்வொரு புட்டியையும் முக்கியெடுத்து, கவிழ்த்து வெயிலில் காயவைத்தாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் வெயிலுக்கும் புட்டிகள் கண்ணைப் பறித்தன. பிறகு அவை ஆவியில் வெந்து டாக்டர் மேஜைக்குப் போயின. டாக்டர் பார்த்துவிட்டு, இப்படி இருக்க வேண்டும் புட்டி என்றார். நாச்சம்மாள் அன்றைக்கு மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

அந்தப் புட்டிகளில் நிரப்பிய மருந்து சோதனையில் தோற்றது. ஆசிட் விட்டதும் மோர்.

டாக்டர் யோசித்தார். அண்டாவில் பார்த்தபோது புரதம் ஒட்டித்தான் இருந்தது. புட்டியில் ஊற்றிக் குளிர் அறையில் வைத்து எடுத்துப் பார்த்தால் கழன்றிருக்கிறது. அப்படியானால் ஜெல்லுக்குப் பிடிமானம் போதவில்லை. படித்தவர் யாராக இருந்தாலும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். ஜெல் காய்ச்சுவதில் சூடு கொஞ்சம் கூடினாலும் கெடும், கிண்டுவது கொஞ்சம் தாமதித்தாலும் கெடும்.

"உம்ம ஜெல்லு பிடிச்சத விட்டுருதே சென்னியப்பன்" என்றார், குரலைத் தாழ்த்தி.

சென்னியப்பன் சரிங்க என்றார். தான் எங்கே தப்பு செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தப்பு செய்யவில்லை என்று சொல்கிற பழக்கமும் அவரிடம் இல்லை.

வீட்டில் நாச்சம்மாள் விசாரித்தாள். அண்டாவைக் கழுவியது யார் என்று கேட்டாள். தான்தான் என்றார். அப்புறம் எப்படி உருப்படும் என்றாள். ஜெல் அறைக்குள் போய் அண்டாவைத் தானே தேய்க்க அவளுக்கு அனுமதி இல்லை. அந்த ஆற்றாமையில், தன் கையில் இருக்கிற புட்டிகளையாவது யாரும் குறை சொல்லாதபடி ஆக்கி, புருஷனைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தாள். பூந்திக்கொட்டையை இரண்டு பங்காகப் போட்டுக் கஷாயம் போலச் சுண்டக் காய்ச்சினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இரண்டாவது மருந்து முதலாவதைவிட அமோகமாகத் தோற்றது. ஆசிட் விட வேண்டிய அவசியமே இல்லாமல், மேல் தண்ணீர் மங்கலாக நின்றதைப் பார்க்கிறபோதே டாக்டர் முகம் மாறிவிட்டது.

மழைக்கு முன்னால் மருந்து மலை ஊர்களின் மாடுகளுக்குப் போயாக வேண்டும். மேனேஜர் சென்னியப்பனைக் கூப்பிட்டு, மூன்றாவதும் தோற்றால் ஜெல் வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வேறு ஆள் வருவார் என்றும், அவருக்கு ஸ்தலமாற்றம் என்றும் சொன்னார். இடுக்கியில் சக்குபள்ளத்துப் பக்கம், ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் கம்பெனிக்கு ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. அங்கே சாணி அள்ள ஆள் வேண்டுமாம்.

நாச்சம்மாள் இந்தச் செய்தியைக் கேட்டதும் நேராக டாக்டரிடம் போனாள். புருஷனுக்காகப் பரிந்து பேசப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஊரில் துவைத்த துணி எப்படிக் காயும் என்று கேட்கத்தான் போனாள். டாக்டர் அந்த மலையிலேயே பிறந்தவர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"மழை பிடிச்சிட்டா காயாதும்மா. அடுப்புக்கு மேல கொடி கட்டி வாட்டிக்கிடணும். சீலையில புகை வாடை அடிக்கும். பூசணமும் பிடிக்கும்" என்றார்.

பூசணம் என்ற சொல்லோடு விஷயம் முடிந்தது. அன்று சாயங்காலமே நாச்சம்மாள் சென்னியப்பனிடம், அவர் போய் இருந்துவிட்டு வரட்டும், தன்னால் அங்கே வர முடியாது என்று சொல்லிவிட்டாள். சென்னியப்பன் தலையாட்டினார். அவருக்கு வேலை போவதோ சாணி அள்ளுவதோ பெரிய துக்கமில்லை. அவள் இல்லாத வீடுதான் துக்கம். ஒரு மழைக்காலம் முழுக்க, தான் கழுவிய டம்ளர் கழுவிய இடத்திலேயே கிடப்பதை நினைத்துப் பார்த்தார். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

மூன்றாவது மருந்து தயாராகிற நேரத்தில் வேலந்தாவளத்தில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. நாச்சம்மாள் இருந்த புட்டிகளையெல்லாம் கழுவி, பூந்திக்கொட்டையில் முக்கி, மின்ன மின்ன அடுக்கிவைத்துவிட்டுத் தாய்வீடு போனாள். மருந்து ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் புட்டி பாதிக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்தது. மீதிப் புட்டியைக் கழுவும் பொறுப்பு காவல்காரர் மொக்கையன் தலையில் விழுந்தது.

மொக்கையன் கெட்டவர் இல்லை. ஓடியாடி வேலை செய்ய வேண்டியவை மாடுகள் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். கிணறு தூரம். வடித்த தண்ணீர்க் குழாய் அவருடைய முக்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. முக்காலியிலிருந்து எழுந்திருக்காமலேயே பெட்டியிலிருந்து புட்டியை எடுத்து, சோப்புத் தூளைக் கொஞ்சம் காட்டி, குழாயடியில் பிடித்து, கவிழ்த்து வைத்தார். சில புட்டிகளில் அவருடைய விரல் அடையாளம் அப்படியே தெரிந்தது. நாச்சம்மாள் பார்த்திருந்தால் நோம்பியை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள்.

சோதனை நாளன்று மேனேஜரும் வந்து நின்றார். டாக்டர் புட்டி புட்டியாகத் திறந்து, கொஞ்சம் எடுத்து ஆசிட் விட்டார். ஒன்று தெளிவு, ஒன்று மோர். மறுபடி ஒன்று மோர், இரண்டு தெளிவு. முடித்துவிட்டுப் பார்த்தால் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

"ஒரே அண்டா. ஒரே ஜெல்லு. ஜெல்லுல தப்பில்ல" என்றார் டாக்டர்.

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. ஒரு நிமிஷம்தான். ஜெல்லில் தப்பில்லை என்றால் புட்டியில்தான் என்று மேனேஜர் கண்டுபிடித்தார். புட்டி கழுவியது யார் என்று கேட்டார். நாச்சம்மாளும் மொக்கையனும் என்று பதில் வந்ததும் அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் மொக்கையனைப் பார்த்தார்கள். மொக்கையனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தார் போல. தான் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன் என்று தானாகவே ஒத்துக்கொண்டார். இன்றோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். மொக்கையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்கு நான்கு பெண்கள்.

சென்னியப்பன் மேஜை மேல் இருந்த புட்டிகளைப் பார்த்தார். மோரான புட்டிகள் எல்லாம் மின்னின. தெளிவாக இருந்தவற்றில் தண்ணீர்க் கறையும் விரல் அடையாளமும் இருந்தன. மின்னுகிற புட்டி ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். நுரை எழும்பியது. கறைப் புட்டியை எடுத்து ஆட்டினார். அதிலும் நுரை வந்தது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிட்டது. மின்னுகிற புட்டியின் நுரை அடங்கவில்லை. பொடிப்பொடியாக, அப்படியே நின்றது. அந்த நுரையை அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் தாலிக்கொடி ஊறுகிற கிண்ணத்தில் பார்த்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் ஜெல் அவருடையது, வேலை அவருடையது, வீடும் பெண்டாட்டியும் இருந்த இடத்தில் இருப்பார்கள். மொக்கையன் மட்டும் போவார். அப்புறம் அடுத்த மருந்தும் கெடும், மலையில் மாடும் சாகும். வாயைத் திறந்தால், நாச்சம்மாளின் கை சுத்தமில்லை என்று இத்தனை பேர் நடுவில் இரண்டாம் முறை சொல்லப்படும். இந்தத் தடவை சொல்வது அவராகவே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மரம் நின்றது. சென்னியப்பன் அதைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டார்.

"மொக்கையன் இல்லீங்க" என்றார்.

அவர் பேசியதே எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்ததால், என்ன பேசினார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"மின்னுற புட்டிதானுங்க கெட்டிருக்குது. கடைசித் தண்ணியில பூந்திக்கொட்டை கலந்திருக்குதுங்க. கலந்தது நானுங்க. பளிச்சுன்னு இருக்கட்டும்னு கலந்தேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சென்னியப்பன் புளுகில் கெட்டிக்காரர் இல்லை. அவர் சட்டையில் போன வாரத்து ஜெல் காய்ந்து ஒட்டியிருந்தது. கொட்டகைப் பக்கம் அவர் நிழல் பட்டாலே நாச்சம்மாள் விரட்டுவாள் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். ஆனால் மேனேஜர் கம்பெனிக்குள் அவ்வளவு தூரம் நடந்து வந்து பழக்கமில்லாதவர். மொக்கையனை விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே சென்னியப்பனின் ஸ்தலமாற்றத்துக்கு டைப் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டருக்குப் பொய் என்று உடனே தெரிந்தது. ஆனால் பூந்திக்கொட்டை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. ஜெல்லில் எவ்வளவு புரதம் ஒட்டியிருக்கிறது என்று அளந்து பார்க்க அவருக்கு வெகுநாளாக ஆசை. ஒட்டியிருக்கும் வரை அளக்க முடியாது. சிதையாமல் கழற்றி எடுத்தால்தான் அளக்கலாம். ஆசிட்டும் காரமும் விட்டுப் பார்த்தார். ஜெல் கரைந்தது, புரதமும் கூடவே குட்டிச்சுவராகப் போயிற்று. சோப்பு மாதிரி நுரைக்கிற சரக்கு ஏதாவது விட்டால் பதமாகக் கழலும் என்று எங்கோ படித்திருந்தார். அந்தச் சரக்கு சீமையிலிருந்து வர வேண்டும். ஆபீசில் கேட்டு வருஷமாகிறது. இப்போது பார்த்தால், அது பின்பக்கக் கொட்டகையில் பானை நிறையக் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கழல மாட்டேங்குதுன்னு நான் தவங் கிடந்தேன். நீரு கழட்டி வச்சிட்டு நிக்கீரு" என்றார் சென்னியப்பனிடம். பிறகு, "நீரா கழட்டுனீரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானமே நாச்சம்மாள் நோம்பி முடிந்து வந்துவிட்டாள். கம்பெனி வாசலிலேயே மொக்கையன் அவளைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். சென்னியப்பன் ஜெல் அறையில் அண்டாவைக் கடைசியாக ஒருமுறை கழுவிக்கொண்டிருந்தார். அவளை அவர் பார்க்கவில்லை. அவள் அவரைப் பார்க்க வரவுமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சமையற்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பழைய துணி மூட்டை ஒன்று பாதி கட்டியிருந்தது. சென்னியப்பன் வாசற்படியிலேயே நின்றார். என்ன சொல்வது என்று வழி நெடுகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

டாக்டரிடம் போய்விட்டு வந்ததாக அவளே சொன்னாள். அது தன் கைவேலைதான் என்று அவரிடம் சொன்னாளாம். தெரியும் என்றாராம் அவர். சோப்பு அழுக்கைக் கழற்றுகிற மாதிரி இந்தத் தண்ணீர் மருந்தையே ஜெல்லிலிருந்து கழற்றிவிடுகிறது என்று மறைக்காமல் விளக்கினாராம். அவள் தன் தண்ணீருக்கு அவ்வளவு பலமா என்று மட்டும் கேட்டாளாம். அவ்வளவு பலம்தான், தன் சோதனைக்கு அதில் ஒரு புட்டி வேண்டும் என்றாராம் அவர். கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இனிமேல் கடைசி அலசல் செத்த தண்ணீரில்தான் என்று மொக்கையனிடமும் சொல்லியாகிவிட்டது. ஸ்தலமாற்றக் கடிதத்தை மட்டும் டாக்டரால் நிறுத்த முடியவில்லை. டைப் அடித்தாயிற்று, தபாலிலும் சேர்த்தாயிற்று. மழைக்காலம் முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொள்வதாகச் சொன்னாராம்.

இதையெல்லாம் அவள் மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்கம்மா தண்ணியக் கொட்டறப்ப நீங்க தென்ன மரத்தப் பாத்துட்டு நின்னீங்க. ஒரு வார்த்தை பேசுல. இத்தன வருசமா செம்பத் தேச்சுட்டு நான் அதையேதான் நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றாள். "இன்னைக்குப் பொய் சொல்றதுக்காச்சும் வாயத் தொறந்தீங்களே."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் பேச அவர் பழகியிருக்கவில்லை. அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். அப்போதுதான் அதில் தன் வேட்டியோடு அவளுடைய சேலைகளும் இருப்பதை அவர் கவனித்தார்.

"அங்க துணி காயாது புள்ள" என்றார் மெதுவாக.

"காயாட்டிப் போகுது, உடுங்க."

அவர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். வழக்கம் போலத் தொட்டியடிக்குப் போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாச்சம்மாள் எழுந்து வந்து அதை எடுத்தாள். சென்னியப்பன் நகர்ந்து வழிவிட்டார். அவள் தொட்டிப் பக்கம் போகவில்லை. அந்த டம்ளரைப் பானைக்குள் விட்டு நிறைய மொண்டு, வாய் வைத்துக் குடித்தாள்.